நூலால் அறுத்த முட்டை

ஜனவரி 7

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாற்பத்து மூன்று வீட்டிலும் அடுப்பு எரிகிறது, படுத்துக் கிடப்பவர் யாருமில்லை. உன் உடம்பு எப்படி, பசி எடுக்கிறதா, அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் எப்படி என்று வரிசையாக எழுது. போன் பண்ணலாமே என்பாய். நம் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறினால்தான் சிக்னல். அறுபத்தாறு வயதில் நான் அந்த ஏணியில் ஏறினால் சிக்னல் கிடைக்கிறதோ இல்லையோ, ஊருக்கு நல்ல வேடிக்கை கிடைக்கும். கடிதம்தான் எனக்குச் சரி. ஐந்தாம் வகுப்பு படித்ததை எங்கே செலவழிப்பது?

விஷயம் என்னவென்றால், பேத்தி வந்துவிட்டாள். நர்சுப் படிப்பை முடித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நம் குடியிருப்புச் சுகாதார அறைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நம் ஆட்களில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் இவள்தான் தம்பி. ஊரே "ஊசிக்காரி" என்கிறது. எனக்கு இப்போது "ஊசிக்காரி பாட்டி" என்று பெயர். கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்புகிறேன். இன்னொரு தடவை கேட்கலாமே என்றுதான்.

அறையைப் பார்க்க வேண்டும் நீ. நீலக் கதவு, எடை பார்க்கும் மெஷின், ஊசி மருந்து வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ். முதல் நாள் ஒரு வீட்டார் எட்டுப் பேரும் வந்து வாசலில் நின்றார்கள். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றாள். இவள் நாற்காலியை வெளியே தூக்கி வைத்துவிட்டுப் பாயை விரித்தாள். "எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். எட்டுப் பேரும் உட்கார்ந்த பிறகுதான் ஒருத்தி காலிலிருந்த புண்ணைக் காட்டினாள்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். "பழங்குடியா? ஒருத்தர் மட்டும் உள்ள வா" என்றார்கள். நாம் பதினோரு பேர் வெளியே நின்றோம். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவள் பாய் விரித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கோடையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. உன் பேத்தியிடம் ஒரு ஊசியாவது குத்திக்கொண்டு போ.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உன் கடிதத்தைக் கையில் வாங்கியபோதே கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் பாதி பெருமை. படித்ததும் லேசாகிவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன். லாண்டரியில் வேலை எப்போதும் போல. நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு வருகிறது, நானூறும் வெள்ளை. யார் யாரோ படுத்து எழுந்ததை நாங்கள் நாலு பேரும் ஆவி உருளையில் கொடுத்து அப்பளம் மாதிரி எடுக்கிறோம். குட்டையன் மடிக்கிறான், மீசை வண்டி தள்ளுகிறான், பாட்டுக்காரன் பாடிக்கொண்டே பட்டன் தைக்கிறான். பாட்டை நிறுத்து என்றால் ஊசியை நிறுத்திவிடுகிறான். நாலு பேரும் நம் ஆட்களாக இருப்பதால் ஊர் ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை.

கொஞ்சம் சளி. ஆவியில் நிற்பதால் வருவது. மாடியறையைக் காலி செய்துவிட்டுக் கீழறைக்கு மாறிவிட்டோம். படி அதிகம் என்று பையன்கள் அலுத்துக்கொண்டார்கள். என் போன் கெட்டுவிட்டது, அதனால் யாரையாவது தொட்டி மேலே ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லாதே.

ஊசிக்காரிக்கு என் ஆசி. அந்த வெள்ளைக் கோட்டை இங்கே அனுப்பினால் இலவசமாக இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று சொல்.

உன் செல்லத் தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சளி போய்விட்டதா?

உன் கடிதத்தைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். இஸ்திரி விஷயத்துக்குச் சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பாட்டி, அந்தச் சளி எடம் இன்னொரு தடவ படிங்க" என்றாள். பிறகு மூன்று கேள்வி எழுதச் சொன்னாள். ஒன்று, சளி எத்தனை வாரமாக. இரண்டு, சாயங்காலம் ஆனால் உடம்பு வேர்க்கிறதா. மூன்று, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்களா.

"சளிக்கும் பெல்ட்டுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன். "நீங்க எழுதுங்க, பதிலை நான் பாத்துக்கறேன்" என்றாள். படித்தவள் கேட்கிறாள். எனக்கென்ன, எழுதிவிட்டேன்.

இங்கே அவள் வீடு வீடாகப் போய் எல்லோரையும் இருமச் சொல்லி டப்பாவில் சளி பிடிக்கிறாள். வாங்கும் சம்பளத்துக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேலி செய்தார்கள். டப்பாவெல்லாம் நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்ததில் பதினோரு பேருக்குக் காசநோய் என்று தெரிந்தது. கேலி செய்தவனே அதில் ஒருத்தன். ஆறு மாசம் மாத்திரை விழுங்கினால் முழுசாகப் போய்விடுமாம். அப்பா காலத்தில் இவள் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று கேள்விக்கும் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

தம்பி,

நாற்பத்தைந்து நாளாகப் பதில் இல்லை. தபால்காரன் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான். கோபமா? போன கடிதத்தில் நான் ஒன்றும் தப்பாக எழுதவில்லையே.

பேத்தி தினமும் கேட்கிறாள். ஒரு வரி போடு.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வேலை அதிகம். நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெல்ட் பற்றிக் கேட்டிருந்தாய். நான் பெல்ட் போட்டு நீ எப்போது பார்த்தாய்? கயிறுதான். கயிற்றுக்கு ஓட்டை கிடையாது என்று ஊசிக்காரியிடம் சொல்.

அவள் நிம்மதிக்காக இங்கே பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஒரு நாள் விடாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் கவலை வேண்டாம். கோடையில் வர முடியாது போலிருக்கிறது. லீவு தரமாட்டேன் என்கிறார் சூப்பர்வைசர்.

அக்கா, பழைய நாள் ஒன்று இரண்டு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அம்மா சுள்ளி பொறுக்கிக்கொண்டு வரும்போது நாம் வரிசையாகப் பின்னால் நடப்போமே, நான் கடைசியில். நீ திரும்பித் திரும்பிப் பார்ப்பாய்.

தம்பி


மே 3

சின்னத் தாத்தாவுக்கு,

பேத்தி வணக்கத்துடன் எழுதுவது. பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இன்று வாய் திறக்கவில்லை. அதிசயம்தான்.

தாத்தா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்களுக்குக் கொடுத்திருப்பது காசநோய் மாத்திரைதானே? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் இங்கே பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு இரண்டே மாதத்தில் எடை ஏறிவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. மாத்திரை அட்டை ஒழுங்காகக் காலியாகிறது, ஆள் மட்டும் தேறவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த இரண்டில் ஒரு வீட்டுக் குழந்தைதான் காட்டிக்கொடுத்தான். "எனக்கு ஒண்ணுக்கு சிவப்பா போகுது" என்று பெருமையாகச் சொன்னான். அந்த மாத்திரை உள்ளே போனால் அப்படித்தான் போகும். ஆனால் நோய் அவனுக்கு இல்லை, அவன் வீட்டில் இன்னொருவருக்கு. போய்ப் பார்த்தால், தட்டில் மாத்திரையைத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆறு பேர், ஆறு பங்கு. இன்னொரு வீட்டிலும் அதே கதை. எந்த வீடு என்று கேட்காதீர்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. வெளியே வந்து தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். எனக்கே தெரிந்திருக்க வேண்டாமா? எந்த வீட்டில் எதைத்தான் நாம் தனியாகத் தின்றிருக்கிறோம்? படிக்கப் போன இடத்தில் இதை மட்டும் நான் மறந்துவிட்டேன்.

அதனால் உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் அறையில் எத்தனை பேருக்குச் சிவப்பாகப் போகிறது?

அன்புப் பேத்தி


மே 19

மருந்துக்காரத் தங்கச்சிக்கு,

பாட்டுக்காரன் எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பெரியவர் படித்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். நான் எடுத்துப் படித்துவிட்டேன். தப்புதான். ஆனால் எழுதாமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய தப்பு.

நாலு பேருக்கும்.

காலையில் மூன்று மாத்திரை. அதை பிளேடால் நாலு நாலாக நறுக்குவார். துளிகூடச் சிந்தாது. ஆளுக்கு மூன்று துண்டு. "எங்களுக்கு எதுக்கு பெரியவரே? எங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றோம். "மூணு பேரு பாத்துக்கிட்டு நிக்க நான் மட்டும் முழுங்கணுமா? தொண்டையில இறங்குமா அது? ஒரே ரூம்ல மூச்சு விடறோம். எனக்கு வந்தது உங்களுக்கும் வந்துடக் கூடாது. புடிங்கடா" என்றார். அவர் மனசு கோணக் கூடாது என்று விழுங்கினோம்.

சளி என்று எழுதினார் அல்லவா? சளியில்லை. போன மாதம் ரத்தம் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அதனால் பட்டன் பொறுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கீழறைக்கு வந்ததும் அவரால் படி ஏற முடியாததால்தான். போனும் கெடவில்லை. பேசினால் இருமல் உங்களுக்குக் கேட்டுவிடும் என்று அணைத்து வைத்திருக்கிறார். லீவு தரமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லவே இல்லை. ஊருக்குப் போங்கள் என்று அவர்தான் கெஞ்சுகிறார்.

எனக்கு ஒன்றரை வயதில் மகள் இருக்கிறாள். அதையும் சொல்லிவிடத் தோன்றியது. என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பாட்டுக்காரன்


மே 30

தம்பிக்கு,

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னது என்று அங்கே யாரையும் முறைக்காதே. உடம்பு எப்படி என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நீ சொல்லும் பதில் எனக்கு வேண்டாம்.

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நம் வீட்டில் ஒரு கோழி இருந்தது. வாரத்துக்கு ஒரு முட்டை. அம்மா அதை அவித்து உரித்து, தலைமுடியிலிருந்து நூலை அவிழ்த்து, அந்த நூலால் ஏழாக அறுப்பாள். கத்தி பட்டால் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு வீணாகும், நூலில் ஒட்டாது. ஏழு துண்டு, ஏழு பேர். கடைக்குட்டி என்று உனக்கு மட்டும் மஞ்சள் கரு கொஞ்சம் அதிகம். அப்படி வளர்ந்தவன் நீ. மாத்திரையை நறுக்கினாய் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. பிளேடால் நறுக்கினானே, நூல் கிடைக்கவில்லையா என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே என்ன நடந்தது என்று கேள். பேத்தி எல்லோரையும் பாயில் உட்கார வைத்தாள். "பங்கு போடாதீங்க" எனச் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தோம். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. "இந்த மாத்திரை முட்டை மாதிரி இல்ல. அறுத்தா எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்காது, ஒருத்தருக்கும் கிடைக்காது. நோய் அதைப் பாத்துப் பழகிட்டு அப்புறம் பயப்படவே பயப்படாது. ஆனா ஒருத்தர் மட்டும் தனியா உக்காந்து முழுங்குங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பிறகு மேட்டு வீட்டுக்காரி, வாயைத் திறந்தால் சண்டைதான் என்று பெயர் வாங்கியவள், "மருந்தப் பங்கு போட வேணாம். வேளையப் பங்கு போடுவோம்" என்றாள்.

இப்போது காலை ஏழு மணிக்குப் பதினோரு வீட்டிலும் எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு வேர்க்கடலை உள்ளங்கையில். நோயாளி கையில் மாத்திரை. யாராவது ஒருவர் "ம்" என்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் போட வேண்டும். நோயாளிக்கு மூன்று மாத்திரையும் முழுசாக. யாரும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. நம் பேத்தி இதை எந்த மேலதிகாரியிடமும் கேட்டுச் செய்யவில்லை. நாங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள், அவ்வளவுதான். அவ்வளவு செய்ய எத்தனை பேருக்கு வருகிறது?

நாளைக் காலை நாலு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நறுக்கியதை மறைக்காமல் சொல். நாலு பேரும் சளி கொடுத்துப் பரிசோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேத்தி ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறாள், அதை டாக்டரிடம் கொடு. இது நான் சொல்வதில்லை, ஊசிக்காரி உத்தரவு. கடலை ஒரு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பின்னால் வா.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், நல்ல சேதி இல்லாமல் உனக்கு எழுதக் கூடாது என்று பாட்டுக்காரனிடம் சத்தியம் செய்திருந்தேன். அவன்தான் எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும். பாட்டு நின்றுபோயிருந்தது அந்த வாரம் முழுக்க.

போனோம். டாக்டரம்மா முதலில் என்னைத் திட்டினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நறுக்கி நாலு பேருக்குக் கொடுத்தீங்களா?" என்று பேனாவை மேஜையில் போட்டார். நான் முட்டைக் கதையைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவ மெதுவா சொல்லுங்க" என்றார். ஊசிக்காரி சீட்டை இரண்டு தடவை படித்தார். "இது யாரு?" என்றார். "என் அக்கா பேத்தி" என்றேன். சொல்லும்போது நானும் ஒரு அங்குலம் வளர்ந்தேன் அக்கா. நீ ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குட்டையனுக்கும் வந்திருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கும் இல்லை. என் சளியில் மருந்து இன்னும் வேலை செய்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் செய்திருக்காது என்றார். ஜூன் ஐந்தாம் தேதி முதல் நாள் என்று கணக்கு வைத்து மறுபடி ஆரம்பித்தோம். அன்றைக்கு என் எடை நாற்பத்தொன்று. இன்றைக்கு நாற்பத்தாறு. ரத்தம் நின்றுவிட்டது. உன் கடலை தீர்ந்து, இங்கே வாங்கிய இரண்டாவது கிலோ ஓடுகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கேதான் எனக்கு இருமலில் முதல் தடவை சந்தேகம் வந்தது. ஊசிக்காரியின் தாத்தாவுக்கே இந்த நோய் என்று ஊர் பேசாதா? அப்பாவைக் கொண்டுபோன அதே நோய். அவள் நீலக் கதவைத் திறந்த வருடத்தில் அந்தச் சேதி என்னிடமிருந்து வர வேண்டாம் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். நீ திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 8

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாற்பத்தாறு என்ற எண்ணைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்ததை எழுத இடம் விட்டிருக்கிறேன். குட்டையன் எப்படி? அவன் அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் பேத்தியை நகரத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உன் டாக்டரம்மா யார் யாருக்கோ எழுதி, அது சுற்றிச் சுற்றி இங்கே வந்துவிட்டது. அறுபது டாக்டர்கள் உட்கார்ந்திருக்க, இவள் நின்று பேசினாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பின்வரிசையில் மெத்தை நாற்காலி, உட்கார்ந்தால் உள்ளே போய்விடுகிறது. ஒருவர் எழுந்து, "படிக்காத சனங்க, மருந்தை மதிக்கத் தெரியல, அதானே பிரச்சினை?" என்று கேட்டார். அவள் கோபப்படவில்லை. "இல்ல சார். மருந்தை ரொம்ப மதிச்சதாலதான் பங்கு போட்டாங்க. வேண்டாததை யாரும் பங்கு போட மாட்டாங்க" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். நான்தான்.

பெருமை இத்தோடு போதும். இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

உன்னை முட்டாள் என்று திட்ட எனக்கு வாய் இல்லை. தேறாமல் போன இரண்டு வீடு என்று எழுதினாளே, எந்த வீடு என்று கேட்காதீர்கள் என்றாளே. அதில் ஒன்று நம் வீடு. நோய் மருமகளுக்கு, அதாவது ஊசிக்காரியைப் பெற்றவளுக்கு. சிவப்பாகப் போகிறது என்று சொன்ன குழந்தை நம் பொடியன்தான். அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு மாத்திரையை ஆறாக அறுத்த கை என்னுடையது. உனக்கு முட்டைக் கதை எழுதினேனே, அந்த நூலால்தான் அறுக்கப் பார்த்தேன். மாத்திரை நொறுங்கியதால் கத்தியை எடுத்தேன். ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டு, அவள் கொடுத்த மருந்தை அவள் அம்மாவுக்கே பாழாக்கினேன்.

அவள் தொட்டிக்குப் பின்னால் அழுதது எனக்குத் தெரியும். திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அன்று வாய் திறக்கவில்லை. பாயில் எல்லோரும் கூடிய அன்று, "எங்க வீட்லயும் இதே தப்புதான் நடந்துது. கவனிக்காதது நான்" என்று தன் மேல் போட்டுக்கொண்டாள்.

மருமகளும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். தேறி வருகிறாள். தினமும் ஏழு மணிக்கு "ம்" சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாருக்கும் நான் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

அக்கா


டிசம்பர் 14

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். மருமகள், பொடியன், மேட்டு வீட்டுச் சண்டைக்காரி உட்பட அத்தனை பேரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரே நூலைத்தான் நாம் இரண்டு பேரும் பிடித்திருந்தோம். அதனால் உன்னிடம் நான் கேட்க ஒன்றுமில்லை, என்னிடம் நீ கேட்கவும் ஒன்றுமில்லை.

போன வாரம் கடைசி மாத்திரை. செய்தி எப்படியோ பரவி, லாண்டரியில் பதினேழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு உருளையைச் சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் கையிலும் ஒரு கடலை. "ம் சொல்லுங்க பெரியவரே, கை வேர்க்குது" என்றார். டாக்டரம்மா அனுப்பிய உதவியாள் ஒருத்தி எதற்கு இது என்று புரியாமல் நின்றாள். அவள் கையிலும் ஒன்றைத் திணித்தான் மீசை. பாட்டுக்காரன் "ம்" என்பதையே ராகம் போட்டு இழுத்தான். சிரிப்பில் எனக்கு மாத்திரை புரையேறப் பார்த்தது. நேற்று முடிவு வந்தது. சளியில் ஒன்றுமில்லை. குட்டையனுக்கும் இல்லை. எடை ஐம்பத்து மூன்று. சுவரில் எழுதிக்கொள்.

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாற்றம். "ஒருவர் மட்டும்" என்ற பலகை இருந்த இடத்தில் நீளமான பெஞ்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் வந்தால் எத்தனை பேர் வந்தாலும் உட்காரலாம். நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு பேர் தாராளமாக உட்காரலாம், அக்கா. எண்ணிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். நாலு பேரும் வருகிறோம். போன் வேலை செய்கிறது, ஆனால் நீ தொட்டி மேலே ஏற வேண்டாம். வெள்ளைக் கோட்டை மட்டும் துவைத்து வை, நான் வந்து இஸ்திரி போடுகிறேன்.

ஒரு முட்டை அவித்து வை. ஒன்று போதும். நூலும் எடுத்து வை. எத்தனை துண்டு என்று நான் வந்து எல்லோரையும் எண்ணிச் சொல்கிறேன். இந்தத் தடவை மஞ்சள் கரு ஊசிக்காரிக்கு.

தம்பி